பிளாஸ்டிக் மாலைக்குத் தோஷமில்லை

நாகமலை புதுக்கோட்டையில் வெள்ளைத்துரை மெஸ் என்று ஒரு கடை இல்லவே இல்லை என்பதை இரண்டு கல்லூரி மாணவர்கள் அந்தக் கடைக்குள் நின்றுகொண்டே கண்டுபிடித்தார்கள். ஒருவன் செல்போனில் தேடினான். மற்றவன் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"காட்டலைடா" என்றான் முதலாமவன்.

"அப்ப வேணாம். என்னத்தையாவது போட்ருவாய்ங்க" என்றான் அடுத்தவன்.

பின்கட்டு அடுப்பில் குடல் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதன் வாசம் தெருமுனை வரைக்கும் போயிருந்தது. இருவருக்கும் மூக்கு இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் சாலையைக் கடந்துபோய் எதிர்க்கடை வரிசையில் நின்றுகொண்டார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷக்கணக்காக மத்தியானச் சாப்பாடு அந்த மெஸ்ஸில்தான். வெள்ளைத்துரை கல்லாவிலிருந்து எழுந்து இலைக்கு இலை வந்து "இன்னும் ரெண்டு கரண்டி வைக்கவா" என்று கேட்பார். அவர் மனைவி அன்னக்கொடி சமைப்பார். இந்த ஏற்பாட்டில் குறை இருப்பதாக நாங்கள் யாரும் நினைத்ததில்லை. அந்தப் பையன்கள் போனதிலிருந்து வெள்ளைத்துரைக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்ம கடை இல்லையாம்ல சார்" என்றார்.

"அதான் இருக்கே வெள்ளைத்துரை."

"இருக்கு சார். ஆனா இல்லையாம்."

அந்த வாரமே பைபாஸ் ரோட்டில் இருக்கும் 'சுவைத்தடம்' அலுவலகத்துக்கு என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். மதுரையில் உணவகங்களை உலகத்துக்கு அறிமுகப்படுத்தி வைப்பது அவர்களுடைய தொழில். கண்ணாடிக் கதவு, பேசினால் எதிரொலிக்கும் அறை. சுவரெல்லாம் பிரியாணிப் படம். நிறுவனர் சித்தார்த்துக்கு முப்பது வயது ஆகியிருக்காது. அவர் முன்னால் பால் இல்லாத கறுப்புக் காபி மட்டும் இருந்தது. அன்னக்கொடி கொடுத்தனுப்பிய சுக்கா வறுவல் டப்பாவை வெள்ளைத்துரை பயபக்தியோடு மேசையில் வைத்தார்.

"சாரி அண்ணே, நான் விரதம். பகல்ல சாப்பிடுறதில்ல. நைட்டு சாலட்" என்றார் சித்தார்த். "நான் ருசி பார்த்துட்டா எனக்கு ஒரு கருத்து வந்துரும்ணே. கருத்து வந்துட்டா நேர்மையா வேலை பார்க்க முடியாது."

பிறகு எழுந்து நின்று ஒரு விளக்கம் கொடுத்தார். "நாக்குங்கிறது ரொம்ப லோக்கல் சமாச்சாரம்ணே. ஒரு நாக்கு ஒரு ஆளுக்குத்தான் உதவும். அத வெச்சு பிசினஸ் பெருக்க முடியாது. கண்ணுன்னா பாருங்க, ஒரே வீடியோவ லட்சம் பேரு பார்க்கலாம். அதனால நாங்க சாப்பாட்டை விக்கிறதில்ல, ஃபீலிங்க விக்கிறோம். சாப்பாடு வந்து ஒரு தொட்டுக்க மாதிரி."

வெள்ளைத்துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததனாலேயே இதில் பெரிய விஷயம் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்து கையெழுத்துப் போட்டுவிட்டார். மெஸ்ஸின் செல்போன் எண்ணையும் அன்றைக்கே அவர்களிடம் ஒப்படைத்தாகிவிட்டது. இனி யார் கூப்பிட்டாலும் சுவைத்தடத்தில் உள்ள பவதாரிணி என்ற பெண்தான் எடுத்து இனிமையாகப் பேசுவாள்.

முதலில் ராம்கி வந்தான். ராம்கி சாப்பிடுவதை லட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்களாம். சாப்பிடுகிற ஒருவனை வாய் பார்ப்பது எங்கள் காலத்தில் அநாகரிகம் என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ராம்கி ஒரு வாய் சுக்காவை எடுத்தான், கண்ணை மூடினான், தலையைப் பின்னால் சாய்த்தான், "வேஏஏற லெவல்!" என்று அலறினான். அலறி முடித்ததும் மேசைக்கு அடியில் இருந்த வாளியில் துப்பினான். வெள்ளைத்துரைக்கு முகம் செத்துப்போயிற்று.

"நல்லா இல்லையா தம்பி?"

"சே சே, சூப்பர்ணே. இன்னைக்கு இன்னும் ஏழெட்டுக் கடை இருக்கு. எல்லாத்தையும் முழுங்குனா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றான் ராம்கி. "இன்னொரு தடவை எடுப்போம். குழம்பு ஆவி பறக்கலை."

ஆவி பறப்பதற்காக இலைக்குப் பின்னால் ஊதுபத்தி கொளுத்தினார்கள். கறி மின்னுவதற்காக அதன் மேல் தேங்காயெண்ணெய் தடவினார்கள். நான் வழக்கமாக உட்காரும் மூலையில் வட்டமாக ஒரு விளக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. நானும் சிமென்ட் மூட்டை தூக்குகிற ஆட்களும் படத்தில் வந்தால் கடையின் நிறம் கெடுகிறது என்று, எங்களைப் பின்வாசலில் பார்சல் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அடுப்புப் புகை லென்சில் படிகிறதென்று சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே பலகைத் தடுப்பு அடித்தார்கள். அதற்குப் பிறகு அன்னக்கொடி சமைத்ததை ஒரு சின்னச் சன்னல் வழியாகத் தள்ளிவிடுவார். கூடத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கூட்டம் வருகிறது என்பது மட்டும் தெரிந்தது. பார்சல் வாங்கப் போகும்போது என்னிடம் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

ஆனால் கூட்டம் சித்தார்த்துக்குப் போதவில்லை. கடைக்கு ஒரு கதை வேண்டும் என்றார். பவதாரிணி மடிக்கணினியோடு வந்து வெள்ளைத்துரையை உட்கார வைத்து விசாரித்தாள். இதெல்லாம் வெள்ளைத்துரை பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"சின்ன வயசுல சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டீங்களாண்ணே?"

"இல்லத்தா. நஞ்சை கொஞ்சம் இருந்துச்சு. சோத்துக்குப் பஞ்சமில்ல."

"ஸ்கூலுக்கு நடந்தே போனீங்களா, செருப்பில்லாம?"

"அய்யா சைக்கிள் வாங்கிக் குடுத்தாரு."

"அப்பா குடிப்பாரா?" அவள் குரலில் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது.

"வருசா வருசம் மாலை போட்டு மலைக்குப் போவாரு. தொட்டதில்ல."

"இப்ப வீட்ல யாருக்காவது பெரிய வியாதி..?"

"ஆண்டவன் புண்ணியத்துல எல்லாரும் நல்லாருக்கோம்."

பவதாரிணி கணினியை மூடிவிட்டுச் சித்தார்த்தைப் பார்த்தாள். சித்தார்த் வெள்ளைத்துரையை வருத்தத்தோடு பார்த்தார். "என்னண்ணே இப்படி இருக்கீங்க? ஒரு தொழில் பண்றவர்கிட்ட அடிப்படையா ஒரு சோகம்கூட இல்லைன்னா நாங்க எப்படிண்ணே வேலை பாக்குறது?"

வெள்ளைத்துரை கூசிப்போனார். அப்போதுதான் சித்தார்த்தின் பார்வை கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்த கல்யாணப் படத்தின் மேல் விழுந்தது.

"இவங்க யாரு?"

"எஞ்சம்சாரம். அன்னக்கொடி. உள்ள சமைக்கிறா."

"இவங்க இல்லைன்னு வெச்சுக்குவோம்ணே."

"இல்லைன்னா?"

"கதைக்குத்தான். நடிகருங்க படத்துல செத்துட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயி காபி குடிக்கிறாங்கள்ல? அது மாதிரி. மறைஞ்ச மனைவியோட கைப்பக்குவத்த மறக்க முடியாம, அவங்க சொல்லிக் குடுத்த மசாலாவுல ஊருக்கே சோறு போடுற கணவர். சொல்றப்பவே எனக்குப் புல்லரிக்குதுண்ணே."

வெள்ளைத்துரைக்கும் ஏதோ அரித்தது. அது புல்லரிப்பு இல்லை. "மாலை மட்டும் வேணாம் தம்பி. உசுரோட இருக்கவளுக்கு மாலை போடக் கூடாது" என்றார்.

"பிளாஸ்டிக் மாலைதாண்ணே. பிளாஸ்டிக்குக்குத் தோஷம் கிடையாது" என்றாள் பவதாரிணி.

எதிர்க்கடை வாசலில் அன்றைக்கும் வரிசை நின்றது. வெள்ளைத்துரை அதைப் பார்த்தார், தடுப்பைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டிவிட்டார். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்தடிகூட இருக்காது. கேட்கவில்லை.

மறுநாள் பலகை மாறியது. 'அன்னக்கொடி நினைவு மெஸ்' என்று எழுதி, கீழே ஒரு அகல்விளக்குப் படமும் போட்டிருந்தார்கள். அன்னக்கொடி பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போகிறவர். அது அவர் கண்ணில் படவில்லை. வெள்ளைத்துரை அழுகிற வீடியோவை எடுக்க ஒரு முழுப் பகல் ஆயிற்று. அவருக்குக் கண்ணீர் வரவில்லை. கடைசியில் சின்ன வெங்காயத்தை நசுக்கிக் கர்ச்சீப்பில் வைத்துக் கொடுத்தார்கள். அந்த வெங்காயத்தை உரித்துச் சன்னல் வழியாகத் தந்தது அன்னக்கொடிதான்.

அது பற்றிக்கொண்டது. திருச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். படத்துக்கு முன் கும்பிட்டுவிட்டு, செல்பி எடுத்துக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே கறி தின்றார்கள். படத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு இலை போட்டுப் பரிமாறி வைக்க வேண்டும் என்று சுவைத்தடம் ஒரு சடங்கையும் புகுத்தியது. அந்த இலைக்கு உரிய சோற்றையும் சுக்காவையும் அன்னக்கொடியே பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார். அது யாரோ பெரிய அதிகாரிக்குப் போகிறது என்று வெள்ளைத்துரை சொல்லியிருந்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் விசும்பல் கேட்காமல் இருக்குமா? அன்னக்கொடி சன்னலில் குனிந்து கேட்டார். "என்னங்க, எல்லாரும் மூக்க உறிஞ்சுறாகளே. காரமா இருக்கோ?"

"ஆமா. காரம் கொஞ்சம் கூடிருச்சு" என்றார் வெள்ளைத்துரை.

அன்னக்கொடி மிளகாயைக் குறைத்தார். மறுநாளும் அழுதார்கள். இன்னும் குறைத்தார். என் பார்சலில் வரும் சுக்கா நாளுக்கு நாள் ஆஸ்பத்திரிச் சாப்பாடு போல ஆகிக்கொண்டு வந்தது. "என்ன செஞ்சாலும் அழுகுறாகளே சார். எங்கைக்கு என்னமோ ஆயிருச்சு" என்று அவர் என்னிடம் நொந்துகொண்டார். நானோ பட்டன் போன் வைத்திருக்கிறவன், கடைக்குள் நுழைய அனுமதியில்லாமல் பின்சந்தோடு வந்து திரும்புகிறவன். முன்பக்கத்து விஷயம் அப்போது எனக்கும் தெரியாது. உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்னக்கொடியின் அண்ணன் ஜெயக்கொடி செக்கானூரணிக்கு மேற்கே விவசாயம் பார்க்கிறவர். டீக்கடையில் பக்கத்து ஆள் செல்போனில் தன் தங்கச்சி படத்தை மாலையோடு பார்த்தார். பதறிப்போய், தன்னிடம் இருந்த ஒரே எண்ணான மெஸ் எண்ணுக்குப் போன் போட்டார். பவதாரிணி எடுத்தாள். இந்த உரையாடலைப் பிற்பாடு அவளே எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

"ஆத்தா, அன்னக்கொடி எறந்துட்டான்னு போட்ருக்கே. நெசந்தானா?"

"ஆமாங்க சார், ரொம்ப எமோஷனலான பயணம் அது. நீங்க எத்தனை பேர் வர்றீங்க?"

"எத்தனை பேரா? ஊரே வருது தாயி."

"ரொம்ப நன்றி சார். நாளைக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பெரிய குரூப்பா டேபிள் போட்டுடறேன்."

எங்கள் பக்கத்தில் கட்டிக் கொடுத்த பெண் இறந்துபோனால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்தாக வேண்டும். அது விழாமல் பிணத்தை எடுப்பது, பிறந்த வீட்டார் முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். சாவுச் செய்தியைச் சொல்லி அனுப்பாமல் விடுவது அதைவிடப் பெரிய பகை. இரண்டும் நடந்துவிட்டதாக ஜெயக்கொடி நம்பினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூடம் நிரம்பி வெளியே ஆள் காத்திருந்த வேளையில், கொட்டு முழங்க வேன்கள் வந்து நின்றன. பெண்கள் தலைவிரி கோலமாக மார்பில் அடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஜெயக்கொடி தாம்பாளத்தில் கோடிச் சேலையோடு முன்னால் வந்தார்.

வரிசையில் நின்றவர்கள் இதுவும் கடையின் ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டினார்கள். எல்லாருடைய செல்போனும் உயர்ந்தது. அங்கே படப்பிடிப்புக்கு வந்திருந்த சித்தார்த் பவதாரிணியின் தோளைத் தட்டினார். "செம ஐடியா! என்கிட்ட சொல்லவே இல்லையே?"

ஜெயக்கொடி தாம்பாளத்தை ஒரு மேசை மேல் வைத்துவிட்டு வெள்ளைத்துரையின் சட்டையைப் பிடித்தார். "எங்கடா எந்தங்கச்சி? ஒரு வார்த்த சொல்லி விட ஆளில்லாமப் போச்சா ஒனக்கு? பொறந்த வீட்டுச் சீல விழாம எடுத்துட்டியேடா, நீயெல்லாம் மனுசனாடா?"

"மச்சான், மச்சான், நான் சொல்றதக் கேளு..." என்றார் வெள்ளைத்துரை.

தன் ஊர்க் கொட்டு அன்னக்கொடிக்குத் தெரியாதா? கையில் கரண்டியோடு பின்வாசலைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். நான் பார்சலுக்காக அங்கே நின்றிருந்தேன். அவர் பின்னாலேயே நானும் போனேன்.

"அண்ணே! யாருண்ணே போனது? அய்யாவா?" என்று கத்தினார்.

கொட்டு நின்றது. ஜெயக்கொடியின் கை சட்டையிலிருந்து நழுவியது. ஒப்பாரி வைத்த பெண்களில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். சித்தார்த் மட்டும் கையை உயர்த்தி, "கட், கட்! யாரு இந்தம்மா? ஃப்ரேம்ல வர்றாங்க பாருங்க. யாராவது ஓரமா கூட்டிட்டுப் போங்க" என்றார்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் படத்தையும் அன்னக்கொடியையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவங்க உயிரோட இருக்காங்க! அநியாயம்ங்க இது. நான் போன வாரம் வந்து அவ்வளவு அழுதனே, அதுக்கு யாருங்க பதில் சொல்றது?" என்று சத்தம் போட்டாள். வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி உயிரோடு இருப்பதற்காக இத்தனை பேர் கோபப்பட்டதை நான் முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சித்தார்த் ஒரு நாற்காலியில் ஏறி நின்று அவர்களைச் சமாதானப்படுத்தினார். "தயவுசெஞ்சு பொறுமையா இருங்க. உங்க கண்ணீர் உண்மையானது. அதுக்கு நாங்க கேரண்டி. அவங்க உயிரோட இருக்கிறது அவங்களோட பர்சனல் விஷயம். அதுக்கும் எங்க கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

அன்னக்கொடி இதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. மாலை போட்ட தன் படத்தைப் பார்த்தார். அதற்கு முன்னால் இருந்த இலையைப் பார்த்தார். அன்றைக்குக் காலையில் அவரே தேர்ந்தெடுத்து வைத்த நெஞ்செலும்புக் கறி அதில் ஆறிக் கிடந்தது. பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

"காரம் கூடிருச்சுன்னு சொன்னீகளே" என்றார்.

அன்னக்கொடி கரண்டியைக் கீழே வைத்தார். தாம்பாளத்திலிருந்து கோடிச் சேலையை எடுத்தார். "அது வேணாந்தா, ஆகாது" என்று ஜெயக்கொடி பதறினார்.

"பொறந்த வீட்டுலருந்து வந்த சீலைதானண்ணே. இருக்கப்பவே கட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தார். வண்டி செக்கானூரணிப் பக்கம் போயிற்று.

அதற்கப்புறம் மெஸ் மூடியிருக்கும் என்று நினைப்பீர்கள். மூடவில்லை. உண்மை வெளியான வீடியோவை ராம்கி அவதூறு என்று அறிவித்தான். சுவைத்தடம் பைபாஸ் ரோட்டுப் பொதுச் சமையல்கூடம் ஒன்றிலிருந்து பிளாஸ்டிக் வாளிகளில் குழம்பை வரவழைத்தது. எதிர்க்கடைக்கும் அங்கிருந்துதான் வருகிறது. ஊரில் உள்ள முக்கால்வாசிக் கடைக்கு அதே வாளிதான். தின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தம்மா கைமணம் அப்படியே இருக்கு" என்று எழுதினார்கள். அந்த அம்மா அங்கே சமைத்த காலத்தில் ஒருத்தரும் அப்படி எழுதவில்லை.

விருதும் கொடுத்தார்கள். நட்சத்திர ஓட்டல் ஒன்றில், குளிரூட்டிய மண்டபத்தில், 'ஆண்டின் மிக உண்மையான உணவகம்' என்ற கேடயத்தை வெள்ளைத்துரை வாங்கினார். சித்தார்த் அன்றும் பேசினார். "எல்லாரும் கேக்குறாங்க, சமையல்காரம்மா போனதுக்கப்புறமும் எப்படி ரேட்டிங் குறையலைன்னு. நண்பர்களே, அவங்க இருந்தப்ப தினமும் ருசி மாறிச்சு. ஒரு நாள் காரம் கூடும், ஒரு நாள் குறையும். மனுஷங்கள வெச்சு உண்மையா இருக்கவே முடியாது. சிஸ்டம்தான் உண்மையா இருக்கும்." பலத்த கைதட்டல். மேசைகளில் இருந்த சாப்பாடெல்லாம் படம் எடுப்பதற்காக மெழுகில் செய்தது. வெள்ளைத்துரை பசியோடு ஒரு மெழுகு வடையைக் கடித்துவிட்டு வெகுநேரம் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "சார், செக்கானூரணி வரைக்கும் கூட வாங்க. தனியாப் போகப் பயமா இருக்கு" என்றார்.

தேனி ரோட்டின் ஓரத்தில் அன்னக்கொடி தகரக் கொட்டகை போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தார். பலகை கிடையாது. லாரிக்காரர்களும் மில் வேலைக்குப் போகிறவர்களும் பெஞ்சு கிடைக்காமல் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். எங்களைப் பார்த்தார். வாங்க என்று என்னை மட்டும் சொன்னார். ஆனால் இலை இரண்டு போட்டார். வெள்ளைத்துரை குனிந்த தலை நிமிராமல் பிசைந்து தின்றார். எனக்கு மிளகாய் உறைத்தது. உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் ராம்கி வந்து இறங்கினான். கூட்டத்தைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தியிருக்கிறான். கொட்டகையைச் சுற்றி வந்து, விரலால் கட்டம் கட்டிப் பார்த்துவிட்டு, அன்னக்கொடியிடம் போனான். அவரை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் அறிந்த அன்னக்கொடி மாலைக்குள் இருக்கிறவர்.

"அக்கா, செம கடைக்கா. ஊரே பேச வெச்சுரலாம். ஒரு கதை மட்டும் வேணும். உங்க வீட்டுக்காரரு இல்லைன்னு வெச்சுக்குவோம். அவர் போட்டோ ஒண்ணு கிடைக்குமா?"

அன்னக்கொடி கரண்டியை நிறுத்தினார். "எனக்கொண்ணுமில்ல தம்பி. ஆனா அவரக் கேக்காமச் செய்யக் கூடாதுல்ல? இந்தா, உக்காந்து தின்னுக்கிட்டு இருக்காரு. கேட்டுக்க."

ராம்கி குனிந்து பார்த்தான். "அட, அண்ணே, நீங்களா!" என்று மலர்ந்தான். "நீங்கன்னா ரொம்ப ஈசி. இந்த வேலையெல்லாம் உங்களுக்கே தெரியும். சரிதானண்ணே?"

வெள்ளைத்துரையின் கையில் உருட்டிய சோறு அப்படியே நின்றது. மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அன்னக்கொடி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

"நான் உசுரோட இருக்கேன்டா!" வெள்ளைத்துரையின் சத்தத்தில் லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நானும் இருக்கேன், அவளும் இருக்கா!"

"அத யாருண்ணே பாக்கப் போறா?" என்றான் ராம்கி பரிதாபமாக.

"நான் பாக்குறேன்ல" என்றார் அன்னக்கொடி. வெள்ளைத்துரையின் இலையில் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினார். பிறகு ராம்கியிடம், "சாப்பிடுறதா இருந்தா கையக் கழுவிட்டு வா, எலை போடுறேன். முழுங்கணும். இல்லைன்னா எடத்த விடு, ஆளுக நிக்கிறாக" என்றார்.

ராம்கிக்கு அன்றைக்கு இன்னும் நாலு கடை பாக்கி இருந்தது. போய்விட்டான்.

"தின்னது போதும்னா எந்திரிச்சு அந்தக் கொடத்துல தண்ணி கொண்டாங்க" என்றார் அன்னக்கொடி புருஷனிடம். வெள்ளைத்துரை கையைக் கழுவிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு அடிகுழாயை நோக்கிப் போனார்.